பரங்கிமலைக் கல்லில் ஒரு வரி

பூந்தமல்லியிலிருந்து போரூர், இராமாபுரம், நந்தம்பாக்கம் வழியாகக் கத்திப்பாராவை அடையும் சாலைக்கு மவுண்ட்-பூந்தமல்லி சாலை என்று பெயர். நாள்தோறும் அதில் பயணம் செய்பவர்களிலேயே பலர் அந்த ‘மவுண்ட்’ எது என்று எண்ணிப் பார்த்ததில்லை. அண்ணாசாலைக்கு முன்பு வழங்கிய மவுண்ட் ரோடு என்னும் பெயரும் அதே குன்றைக் குறித்ததுதான். கோட்டையிலிருந்து வரும் சாலையும் பூந்தமல்லியிலிருந்து வரும் சாலையும் சேருமிடத்தில் ஏறத்தாழ முந்நூறடி உயரத்தில் நிற்கும் அச்சிறு குன்றே பரங்கிமலை.

செம்பரம்பாக்கத்தில் குடியிருக்கும் எனக்கு இப்பகுதியோடு நீர்வழித் தொடர்பும் உண்டு. எங்கள் ஏரியின் மறுகால் நீர் திருநீர்மலைப் பக்கம் அடையாற்றில் கலக்கிறது. அந்த அடையாறு சைதாப்பேட்டையில் சின்னமலையின் அடிவாரத்தை ஒட்டி ஓடிக் கடலை அடைகிறது. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு இந்த ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டபோது சைதாப்பேட்டை என்ன பாடுபட்டது என்பதைச் சென்னைவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம் ஆகிய மூன்று இடங்களையும் இயேசுவின் சீடர் தோமாவோடு இணைத்துப் பேசுவது கிறித்தவ மரபு. சின்னமலைக் குகையில் அவர் ஒளிந்திருந்தார், கி.பி. 72-இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு இறந்தார், மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது அம்மரபின் சுருக்கம்.

இக்கட்டுரை அம்மரபைப் பற்றியது அன்று. அம்மரபின் நிழலில் யாரும் நின்று படிக்காமல் விட்ட ஒரு வரியைப் பற்றியது.

ஐரோப்பா சென்று திரும்பும் நண்பர்கள் உரோம் நகரத்தின் புனித கிளமெந்து தேவாலயத்தைப் பற்றி வியந்து பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இன்று தெருமட்டத்தில் இருப்பது 12-ஆம் நூற்றாண்டுக் கோவில். அதற்கடியில் 4-ஆம் நூற்றாண்டுக் கோவில். அதற்கும் அடியில் மித்திரன் என்னும் பாரசீகப் பெயர் கொண்ட தெய்வத்தை உரோமர் வழிபட்ட நிலவறை. 1857-இல் முல்லூலி என்ற அயர்லாந்துத் துறவி தோண்டத் தொடங்கும் வரை கீழே இவ்வளவு இருப்பது மேலே வழிபட்டவர்களுக்குத் தெரியாது. ஒரு நகரத்தின் சமய வரலாறு முழுவதையும் படியிறங்கியே படித்துவிடலாம் என்பார்கள். நான் அதைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் நம் ஊரில் ஒரு குன்றின்மேல் ஏறினால், கீழடுக்கு ஒன்று வெளிப்படையாகவே பலிபீடத்தின் பின்சுவரில் பதிந்து நிற்கிறது. கட்டணமில்லை, அகழ்வாய்வும் தேவையில்லை.

சென்ற ஆண்டு தமிழிலக்கியம் பயிலும் மாணவர் சிலரோடு அங்கு சென்றேன். பின்புறமாக வண்டி செல்லும் பாதை இருந்தாலும் படிவழியே ஏறுவதே முறை என்பது என் பிடிவாதம். சிலுவைப்பாதையின் நிலைகள் வரிசையாக அமைந்த அப்படிகளைக் கட்டுவித்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டியவரும் அவரே. ஆங்கிலேயர் அதை ‘மார்மலாங்’ பாலம் என்றனர். மாம்பலம் என்ற பெயர் அவர்கள் நாவில் பட்ட பாடு அது! அதனிடத்தில் இன்று நிற்கும் பாலத்துக்கு மறைமலையடிகள் பெயர். வடசொல் கலவாத தமிழுக்காக வாழ்ந்தவரின் பெயர், ஓர் ஆர்மீனியர் மாம்பலத்தருகே கட்டிப் போர்த்துக்கீசியப் புனிதத் தலங்களுக்கு மக்களை அழைத்துச் சென்ற வழியின்மேல் அமைந்திருப்பதை மாணவர்களிடம் சொன்னபோது சிரித்தார்கள். உஸ்கானின் உடல் சென்னை வேப்பேரியில் அடங்கியிருக்கிறது. அவருடைய விருப்பப்படி இதயம் மட்டும் பாரசீகத்து ஜுல்பாவுக்கு அனுப்பப்பட்டது. பாரசீகம் என்ற சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அதற்கு மீண்டும் வருவோம்.

மேலே உள்ள கோவில் சிறியது. மீனம்பாக்கத்தில் வானூர்திகள் இறங்குவதைப் பார்க்க வருபவர்களே பாதிப்பேர். பலிபீடத்தின் பின்னே அக்கல் இருக்கிறது. கருங்கல். நடுவே சமமான கைகள் உடைய ஒரு சிலுவை. கைகளின் முனைகள் மொட்டுப்போல் விரிந்தவை. அடியில் படிகள் கொண்ட ஒரு பீடம். அதிலிருந்து இருபுறமும் சுருண்டெழும் இலைகள். மேலிருந்து தலைகீழாக இறங்கும் ஒரு புறா. இருபுறமும் இரு தூண்கள். தூண்களின் உச்சியில் மகரம் போன்ற விலங்குகள் வாய்திறந்து உமிழ்வதாக ஒரு வளைவு. அவ்வளைவைச் சுற்றி, விளிம்பில், ஒரு வரி எழுத்து.

உடன்வந்தோரில் மாமல்லபுரத்தைப் பலமுறை பார்த்த மாணவி ஒருவர், “மகர தோரணம் மாதிரி இருக்கு ஐயா” என்றார். மாதிரி என்ன, மகர தோரணமேதான். தேவகோட்டத்தின்மேல் நம் சிற்பிகள் செதுக்கும் அதே வளைவு. சிலுவையின் வடிவத்தை யார் வரைந்து கொடுத்திருந்தாலும், அதைச் சூழ்ந்த அழகெல்லாம் இந்த மண்ணின் உளிக்குப் பழக்கமானது. வளைவின்மேல் ஓடும் எழுத்து மட்டும் இந்த மண்ணுடையதன்று.

இக்கல் வெளிப்பட்டது 1547-இல். குன்றின்மேல் தேவாலயம் எழுப்பப் போர்த்துக்கீசியர் அடித்தளம் தோண்டியபோது கிடைத்தது. தோமாவே தம் கையால் செதுக்கிய சிலுவை என்றும், அதன்மேல் இருந்த கறை அவர் சிந்திய குருதி என்றும் கொண்டனர். 1558 டிசம்பர் 18-ஆம் நாள் திருப்பலியின்போது அக்கல் குருதி வியர்த்ததாகப் பதிவு இருக்கிறது. அவ்வாறு பலமுறை நிகழ்ந்து, 1704-இல் கடைசியாக நிகழ்ந்தது என்பர். நம்பிக்கையுடையோரின் நம்பிக்கையை நான் அளக்கப் போவதில்லை. தமிழாசிரியன் என்ற முறையில் என் கண் அந்த எழுத்தின்மேல்தான் சென்றது.

அவ்வெழுத்தைப் படிக்க அன்றே ஒருவரைத் தேடினர். போர்த்துக்கீசிய நூலாசிரியர்கள் இதை விரிவாகவே எழுதியிருக்கின்றனர். கற்றறிந்த பிராமணர் ஒருவர் அழைத்துவரப்பட்டார். ஒவ்வோர் எழுத்தும் பல சொற்களைக் குறிப்பது என்று கூறி, அவர் ஒரு நெடிய செய்தியைப் படித்துக் காட்டினார். பன்னிரு சீடர்களில் ஒருவர் கையில் கோலோடு மயிலாப்பூருக்கு வந்தது, அரசர்கள் அவர் நெறியை ஏற்றது, அவர் இறந்தது எல்லாம் அதில் அடக்கம். வேறொரு பண்டிதரைக் கேட்டபோது அவரும் அதையே சொன்னாராம்!

இந்தப் பண்டிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சினம் வருவதில்லை. ஒருவகை அனுதாபமே வருகிறது. ஆளும் கையினர் ஒரு கல்லை முன்வைத்து ‘இதில் என்ன எழுதியிருக்கிறது?’ என்று கேட்கிறார்கள். எந்த விடை வந்தால் அவர்கள் முகம் மலரும் என்பது கேட்பவர் முகத்திலேயே எழுதியிருக்கிறது. கல்லைப் படிக்கத் தெரியாதவர் முகத்தைப் படித்தார். இன்றைக்கும் சுவடியையும் கல்வெட்டையும் முன்வைத்து இப்படி முகம் பார்த்துப் படிப்பவர்கள் நம்மிடையே இல்லாமலா போய்விட்டார்கள்?

அடுத்த முந்நூறு ஆண்டுகள் அந்த வாசிப்பே வாசிப்பாக நின்றது. கல்லில் இருந்தது பகலவி எழுத்து, மொழி நடுக்காலப் பாரசீகம் என்று காட்டிப் படிக்க முயன்றவர் ஏ.சி. பர்னல். 1873-இல் தென்னிந்தியப் பகலவிக் கல்வெட்டுகளைப் பற்றி அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். தமிழ் படித்தோர்க்கு இவர் அயலாரல்லர். தஞ்சையில் நீதிபதியாக இருந்து சரசுவதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். தொல்காப்பியப் பாயிரம் சுட்டும் ஐந்திரம் பற்றிய விவாதத்தில் நாம் தவிர்க்க முடியாத நூலை 1875-இல் எழுதியவரும் இவரே.

பர்னலின் வாசிப்பும் முடிந்த முடிபாகவில்லை. ஜெர்மனியின் ஹாக், இங்கிலாந்தின் வெஸ்ட் எனப் பகலவி வல்லார் ஒருவர்பின் ஒருவராக முயன்றனர். ஒவ்வொருவர்க்கும் ஒரு பொருள் கிடைத்தது. காரணம் அவ்வெழுத்தின் இயல்பு. பகலவியில் எழுத்துகள் குறைவு. ஒரே வடிவம் ந, வ, ர முதலிய பல ஒலிகளுக்கு நிற்கும். ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு இந்தத் துன்பம் புதிதன்று. புள்ளி இராது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இராது, ரகரமும் காலும் ஒன்றுபோல் நிற்கும். உ.வே.சா. போன்றோர் ஒரு சொல்லுக்காக எத்தனை இரவு விழித்தனர் என்பதை நாம் படித்திருக்கிறோம். அதே நிலைதான் இங்கும். நமக்காவது ஒப்புநோக்க வேறு பிரதிகள் கிடைக்கும். இங்கும் அப்படிச் சில கிடைத்தன என்பதே நற்பேறு. கேரளத்தில் கோட்டயம் வலிய பள்ளியிலும், முட்டுச்சிறை, கடமற்றம் முதலிய ஊர்ப் பள்ளிகளிலும் இதே அமைப்புடைய சிலுவைகள் இருந்தன. அவற்றில் பலவற்றின் விளிம்பில் ஓடியதும் பெரும்பாலும் இதே வரி.

1920களில் விங்க்வொர்த் என்னும் அறிஞர் அவ்வரிக்கு ஒரு தெளிவான பொருள் கண்டார். பின்வந்தோர் அதைத் திருத்தியும் செப்பமிட்டும் வந்தனர். அவர்கள் முடிவைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: எம் ஆண்டவராகிய மெசியா, சகார்புக்த் என்பவரின் மகனாகிய இன்னான்மேல் இரக்கம் கொள்ள வேண்டும், இதைச் செய்தவன் அவன். மகனின் பெயரை ஒருவர் அப்ராசு என்பார், வேறொருவர் சப்ரீசோ என்பார். ‘வெட்டியவன்’ என்பாரும் உண்டு, ‘கொண்டுவந்தவன்’ என்பாரும் உண்டு. தந்தை பெயரிலும் இரக்கம் வேண்டுவதிலும் ஒத்துப்போகின்றனர்.

தோமா பெயர் அதில் இல்லை. மயிலாப்பூர் இல்லை. அரசர்கள் இல்லை. அற்புதம் இல்லை.

மாணவர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவருக்கு முகம் வாடிவிட்டது. “இவ்வளவுதானா ஐயா?” என்றார். நம் கோவில் கல்வெட்டுகளை நினைத்துப் பாருங்கள் என்றேன். மெய்க்கீர்த்தியில் மன்னன் கடல் கடந்து நாடு கொள்வான். பக்கத்திலேயே ஒரு தூணில் ‘இத்தூண் இன்னான் தன்மம்’ என்று இரண்டே சொல் இருக்கும். இரண்டாவதைச் செதுக்கியவனுக்குப் பொய் சொல்ல எந்தத் தேவையும் இல்லை. அவன் இருந்தான், அங்கே வந்தான், ஒரு கல்லைக் கொடுத்தான் என்பதில் நமக்கு ஐயமே எழாது. பரங்கிமலை வரியும் அந்த இனத்தைச் சேர்ந்தது.

இனி, பாரசீகத்துக்கு வருவோம். கிறித்தவ வரலாறு என்றாலே உரோமும் ஐரோப்பாவும் என்று எண்ணப் பழகிவிட்டோம். அவ்வுலகத்துக்குக் கிழக்கே, சசானியப் பேரரசுக்குள், இன்னொரு பெரிய திருச்சபை இருந்தது. கீழைத் திருச்சபை என்பது அதன் பெயர். நெஸ்தோரியர் என்று பிறர் சொல்வது இவர்களையே. 6-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா வணிகர் கோஸ்மாஸ், இலங்கையில் பாரசீகக் கிறித்தவர்களுக்கு ஒரு கோவில் இருந்ததையும், மிளகு விளையும் ‘மலே’ நாட்டில் கிறித்தவர் இருந்ததையும், கல்யாண் துறைமுகத்துக்குப் பாரசீகத்திலிருந்து ஆயர் நியமிக்கப்பட்டதையும் எழுதியிருக்கிறார். அனுராதபுரத்தில் 1912-இல் தோண்டி எடுக்கப்பட்ட சிலுவைக் கல்லும் நம் பரங்கிமலைச் சிலுவைக்கு உறவுதான். எழுத்து மட்டும் அதில் இல்லை. 7-ஆம் நூற்றாண்டின் நடுவில் அத்திருச்சபையின் தலைவராக இருந்த மூன்றாம் ஈசோயாப், பார்சு மாகாணத்து ஆயர்மேல் குறைபட்டு எழுதிய கடிதத்தில் இந்தியாவைப் பற்றிய பேச்சு வருகிறது. இந்தியக் கிறித்தவர்கள் அந்தப் பார்சு மாகாணத்தின் பொறுப்பில் இருந்தனர். வழிபாட்டு மொழியான சிரியாக்கில் எழுதாமல் பாரசீகத்தில் ஏன் எழுதினான் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அவனுக்கு அது வீட்டு மொழி.

இதே திருச்சபையினர் சீனத்தின் தலைநகரில் 781-இல் நாட்டிய கல் ஒன்று உலகப் புகழ்பெற்றது. சீனத்திலும் சிரியாக்கிலும் எழுதப்பட்ட அந்நெடுங்கல் பேரரசர்களின் அருளை வரிசையாகப் பாடுகிறது. அது மெய்க்கீர்த்தி, நம்முடையது தூண் எழுத்து. இரண்டும் ஏறக்குறைய ஒரு காலத்தவை. பரங்கிமலைச் சிலுவையை 7-ஆம் நூற்றாண்டுக்கும் 9-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகவே அறிஞர் கருதுகின்றனர்.

அந்தக் காலம் தமிழகத்தில் யாருடைய காலம்? பல்லவர் காலம். நந்திக்கலம்பகத்தின் தலைவன், தெள்ளாறெறிந்த மூன்றாம் நந்திவர்மன், அந்நூலில் மல்லைக்கும் மயிலைக்கும் உரியவனாகப் போற்றப்படுகிறான். இரண்டும் கடற்றுறைகள். அவன் விருதுப்பெயரால் ‘அவனிநாரணம்’ என்று ஒரு குளம் தாய்லாந்தின் தகுவாபாவில் வெட்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தாரின் காவலில் விடப்பட்டதையும் அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது. அதே மணிக்கிராமத்தார் மேற்குக் கரையிலும் தோன்றுகின்றனர். கி.பி. 849-இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேட்டில் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் பள்ளியின் உரிமைகளுக்குக் காவலராகக் குறிக்கப்படுகின்றன. பள்ளியை எழுப்பியவர் மருவான் சபீர் ஈசோ. பெயரைப் பார்த்தாலே எந்தத் திசையிலிருந்து வந்தவர் என்பது விளங்கும்.

அச்செப்பேடு ஒவ்வொரு தமிழ் மாணவனும் பார்க்க வேண்டியது. வட்டெழுத்தில் அமைந்த அதன் மொழியை, மலையாளத்தின் முன்னிலை என்று கொண்டாலும் மேற்குக் கரைத் தமிழ் என்று கொண்டாலும், நாம் தடுமாறித் தடுமாறியேனும் படித்துவிடலாம். ‘எழுபத்திரண்டு விடுபேறு’ என்ற தொடர் வரும். நிலம், குடிகள், வரிவிலக்கு, அளவையின்மேல் உரிமை என எல்லாம் நம் கோவில் கல்வெட்டு பேசுகிற நடையிலேயே இருக்கும். சமணர்க்கும் பௌத்தர்க்கும் வழங்கிய ‘பள்ளி’ என்ற சொல்லே கிறித்தவ வழிபாட்டிடத்துக்கும் வழங்கியிருக்கும். கடைசி ஏட்டில் சாட்சிகளின் கையெழுத்து: சிலர் அரபியில், சிலர் பகலவியில், சிலர் எபிரேய எழுத்தால் எழுதிய பாரசீகத்தில். இசுலாமியரும் சரதுஷ்டிரரும் கிறித்தவரும் யூதரும் ஒரு கிறித்தவப் பள்ளியின் உரிமைக்குக் கையெழுத்திட்டிருக்கின்றனர். (இதே கொல்லத்தில்தான் 729 ஆண்டுகளுக்குப்பின், 1578-இல், அன்றிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. நம் இலக்கிய வரலாற்று நூல்கள் கிறித்தவ அதிகாரத்தை அங்கிருந்தோ, அதற்கும் பின்னே வீரமாமுனிவரிலிருந்தோ தொடங்குவது ஒரு பெருங்குறை என்பது என் கருத்து.)

மயிலாப்பூர்க் கரைக்கு இப்படி ஒரு செப்பேடு கிடைக்கவில்லை. கிடைத்தது குன்றின்மேல் ஒரே ஒரு வரி. இருப்பினும் கொல்லத்தைப் பார்த்த கண்ணோடு பரங்கிமலையைப் பார்த்தால் காட்சி துலங்குகிறது. வணிகக் காற்றோடு வந்து தங்கிய பாரசீகக் கிறித்தவக் குடிகள்; அவர்களுக்கொரு வழிபாட்டிடம்; மகர தோரணம் செதுக்கப் பழகிய உள்ளூர்ச் சிற்பி; விளிம்பில் எழுத்தை எழுதிக்கொடுத்த சகார்புக்தின் மகன். அக்காலத்து மயிலையில் வேறு யாரெல்லாம் இருந்தனர்? பூம்பாவைப் பதிகத்தில் ஊரின் விழாக்களையெல்லாம் வரிசைப்படுத்திய சம்பந்தரின் கபாலீச்சரம் இருந்தது. பேயாழ்வார் பிறந்த ஊர் அது. நேமிநாதர் கோவில் கொண்ட சமணத் தலமும் அதுவே. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பெயரிட்டது தென்மயிலை நேமிநாதரை முன்னிட்டுத்தான்.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லாமல் கடந்தால் நேர்மையாகாது. பழைய கபாலீச்சரம் கடலோரத்தில் இருந்ததைப் பதிகமே காட்டுகிறது. இப்போதுள்ள கோவில் பிற்காலத்தது. சாந்தோம் தேவாலய வளாகத்தில் சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. போர்த்துக்கீசியர் காலத்தில் அக்கடற்கரையில் நிகழ்ந்தது மென்மையான மாற்றமன்று. அதற்காகப் பரங்கிமலைச் சிலுவையையும் போர்த்துக்கீசியர் செய்துவைத்த மோசடி என்று ஒதுக்குவோர் உண்டு. 16-ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசியர்க்குப் பகலவி எழுதத் தெரியாது. எழுதியிருந்தால் சகார்புக்தின் மகனுக்காகவா வேண்டியிருப்பர்? படிக்க முடியாமல் பண்டிதரைத் தேடி அலைந்ததே அக்கல் அவர்களுக்கு முற்பட்டது என்பதற்கு நல்ல சான்று.

மறுபுறம், இக்கல்லைக் காட்டித் தோமாவின் வருகையை மெய்ப்பிக்க முயல்வோர்க்கும் அது உதவாது. தோமாவுக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளாவது இருக்கின்றன. தோமாவை இந்தியாவோடு இணைக்கும் பழைய நூலாகிய ‘தோமாவின் பணிகள்’ 3-ஆம் நூற்றாண்டில் சிரியாக்கு வழங்கிய நாட்டில் எழுந்தது. அது கூறும் குந்தபார் மன்னன் கற்பனையல்லன். அவன் நாணயங்கள் வடமேற்கில் கிடைக்கின்றன. வடமேற்கில், தமிழகத்தில் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். தோமாவின் எலும்புகள் எதெசா நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டதாகவும் அம்மரபு பேசும். அவை பின்னர்ச் சென்று சேர்ந்ததாகச் சொல்லப்படும் இத்தாலியின் ஓர்தோனா 1258 முதல் அவற்றைப் போற்றி வருகிறது.

படியிறங்கும்போது மாணவர் ஒருவர் நேராகவே கேட்டார்: “தோமா வந்தாரா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க ஐயா.” முசிறிக்கு யவனர் கலம் வந்த காலத்தில் ஒரு யூதர் கப்பலேறி வருவதற்குத் தடையொன்றுமில்லை, வந்ததாகக் காட்ட அக்காலத்துச் சான்று ஒன்றுமில்லை. ஒரு வார்த்தையில் அடங்காததை ஒரு வார்த்தையில் சொல்ல நான் தேர்தலுக்கு நிற்கவில்லை என்றேன்.

இந்த மரபின் அழகு அதன் ஒருமையில் இல்லை, பலபட நிற்பதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். 1292 அளவில் தமிழகக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, புனிதரின் உடல் ஒரு சிற்றூரில் இருப்பதாகவும் கிறித்தவரும் இசுலாமியரும் அங்கே யாத்திரை வருவதாகவும் அவ்விடத்துச் செம்மண்ணைக் காய்ச்சலுக்கு மருந்தாக எடுத்துச் செல்வதாகவும் எழுதினார். இறப்பைப் பற்றி அவர் கேட்ட கதையில் ஈட்டி இல்லை, பகைவரும் இல்லை. காட்டில் மயில்கள் சூழப் புனிதர் வழிபட்டுக்கொண்டிருந்தார். மயிலை நோக்கி ஒரு வேட்டுவன் எய்த அம்பு குறிதவறி அவர்மேல் பட்டது. மயிலாப்பூரில் வழங்கிய கதையில் மயில் வராமல் எப்படி இருக்கும்! யாரையும் கொலைகாரராக்காத இக்கதை பின்னாளில் மறைந்து, ஈட்டிக் கதை நிலைத்ததை ஓர் இழப்பாகவே நான் கருதுகிறேன்.

1516 அளவில் எழுதிய போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசா இன்னொரு காட்சியைத் தருகிறார். மயிலாப்பூரில் தோமாவின் கோவில் இடிந்து புதர்மண்டிக் கிடக்கிறது. ஓர் ஏழை இசுலாமியர் அதைக் காத்துவருகிறார். வருவோர் போவோரிடம் பிச்சை கேட்டு, அந்தக் காசில் இரவில் ஒரு விளக்கேற்றுகிறார். மிஞ்சியதில் வயிறு வளர்க்கிறார். மறுவருடமே ஆர்மீனிய வணிகர்கள் வழிகாட்டப் போர்த்துக்கீசியர் சிலர் அங்கு வந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் கோவிலும் கோட்டையும் எழுந்தன. பாரசீகக் குடிகள் எப்போது கரைந்தனரோ, அவர்களுடைய பள்ளிக்கு இடைக்காலத்தில் எண்ணெய் வார்த்தவர் பெயரற்ற அந்த மனிதர். சாந்தோமின் எழிலைப் பாடும் சுற்றுலா ஏடுகளில் அவருக்கு ஒரு வரி ஒதுக்கினால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

மறுவாரம் வகுப்பில் இந்தப் பேச்சு மீண்டும் எழுந்தது. சகார்புக்த் என்ற பெயருக்குப் பொருள் என்ன என்று மகர தோரணத்தைக் கண்டுபிடித்த அதே மாணவி கேட்டார். ‘புக்த்’ என்றால் மீட்கப்பட்டவன். ‘சகார்’ என்பது எண்ணுப்பெயர். ஐதராபாத்தில் அந்தச் சொல்லை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம் என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “சார்மினார்! நாலு, ஐயா. நாலு பேரால மீட்கப்பட்டவன்.” எந்த நால்வர் என்று அடுத்த கேள்வி உடனே எழுந்தது. நான்கு நற்செய்தியாளர் என்றார் ஒருவர். நான்கு பூதங்கள் என்றார் மற்றொருவர். சமயக்குரவர் நால்வர் என்று ஒரு குறும்பர் சொல்ல, மணியடிக்கும்வரை வகுப்பில் நூற்பா நடத்த இயலவில்லை.